மீன்கடை மகாராஜா

மீன்கடைக்காரரைப் பார்த்தாலே போஸ்ட் ஆபீஸ் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐஸ் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு மீனை அள்ளுவது அவர் மனைவி. செதில் சீவி, துண்டு போட்டு, தரையைக் கழுவி விடுவதும் அவள்தான். அவரோ கையில் கம்பளி உறை மாட்டிக்கொண்டு கல்லாவில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்.

யாராவது கேட்டால், மகாராஜா அசைய மாட்டார், உட்கார்ந்தே பழகிவிட்டார் என்று மனைவியே சொல்லிச் சிரிப்பாள். இவளுக்குச் சிரிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ என்று தோன்றும் போஸ்ட் ஆபீஸ் அம்மாவுக்கு.

அன்று கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். மீன் கேட்டதற்கு, அவள் பின்பக்கம் கழிவு கொட்டப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றார்.

"ஏன், உங்களுக்குக் கை இல்லையா?"

அவர் உறையைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டார். ஒரு மீனை எடுத்ததுதான் தாமதம், முகம் கோணிப் போய்க் கையை உதறினார். மீன் தரையில் விழுந்தது.

ஓடி வந்த மனைவி, ஒரு வேலைக்கும் லாயக்கில்லை என்று அவரைத் திட்டி, டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். அவர் தெருமுனை தாண்டியதும் குரலைத் தாழ்த்தினாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அவருக்குக் குடல்ல கேன்சர். கல்லீரலுக்கும் பரவிடுச்சு. கட்டி சுருங்கினாத்தான் ஆபரேஷன்னு மருந்து ஏத்தறாங்க. அந்த மருந்துக்கு, சில்லுனு எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குது."

போஸ்ட் ஆபீஸ் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"அப்புறம் ஏம்மா நீயே அவரைச் சோம்பேறின்னு ஊரெல்லாம் சொல்றே?"

"அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். யார் திட்டினாலும் தாங்கிக்குவாராம். 'ஐயோ பாவம்'னு பார்த்தா மட்டும் தாங்க முடியாதாம்."

அவர் திரும்பி வந்தார். யாரையும் பார்க்காமல் உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

போஸ்ட் ஆபீஸ் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்டாட்டி இந்தப் பாடு படறா, நீங்க சுகமா டீ குடிச்சிட்டு வர்றீங்க. வெட்கமா இல்லை?" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

மீன்கடைக்காரர் நிம்மதியாகச் சிரித்தார்.