மூன்றாவது சுற்றில் தவாரெஸ்

“தவாரெஸா? மூணாவது சுத்துலயா? அந்தக் கிழவனை இப்ப எவன்டா எடுப்பான்?”

லைல் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பீர் அவன் சட்டையிலேயே கொட்டியது. அவன் வீட்டு பேஸ்மென்டில் கூடியிருந்த மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மார்ச் பிறந்தால் மில்வாக்கியில் பனி கரைகிறதோ இல்லையோ, இவர்களுடைய கற்பனை பேஸ்பால் லீக் தொடங்கிவிடும். ஆளுக்கு ஓர் அணி. நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பெயர் சொல்லி எடுக்க வேண்டும்; முதல் சில சுற்றுகளிலேயே நல்ல ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள். சீசன் முழுக்க அவர்கள் மைதானத்தில் அடிப்பதெல்லாம் எடுத்தவன் கணக்கில் சேரும். கடைசியாக வருகிறவன் கோழி வேஷம் கட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும்.

போன இரண்டு வருஷமும் அப்படி நின்றவன், இப்போது தவாரெஸின் பெயரைச் சொன்ன கிளென்தான். அவன் கோழியாக நின்ற வீடியோவை அவன் மகளின் பள்ளிக்கூடமே பார்த்துச் சிரித்தது. “இந்த வருஷமும் கோழின்னா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்ப்பா” என்று அவள் அழுதிருந்தாள்.

“முப்பத்தொன்பது வயசுடா அவனுக்கு” என்றான் டக். முடிவெட்டும் கடை வைத்திருப்பவன். ஊர்க்கதை அத்தனையும் அவன் நாற்காலியில்தான் அலசப்படும். “போன வருஷம் பாதி சீசன் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். பந்து தாண்டிப் போனப்புறம்தான் மட்டையையே சுத்துறான்.”

“யானை படுத்தாலும் குதிரை மட்டம்டா” என்றான் கிளென். “அவனை ஃபீல்டிங்குக்கா நிறுத்தப் போறாங்க? அடிக்க மட்டும்தானே இறக்குவாங்க. வேலி தாண்டி அடிக்கிற ஹோம் ரன் முப்பது எங்கயும் போகாது.”

லைல் சிரிப்பை நிறுத்தினான். “இரு, இரு. அவன் முழங்காலுக்கு வைத்தியம் பண்றதே நீதானே?”

கிளென் பிசியோதெரபிஸ்ட். நாலு வருஷமாகத் தவாரெஸின் முழங்கால் அவன் கையில்தான்.

“பேஷன்ட் விஷயத்தை நான் வெளியே பேசக் கூடாது, லைல்.”

“நீ பேசவே வேணாம்” என்றான் டக். “எடுத்தியே, அதுவே போதும்.”

முழங்கால் தேறிவிட்டது என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்றுதான் கிளென் எடுத்தான். உண்மையில் அந்த முழங்கால் முடிந்த கதை. இன்னொரு சீசன் ஆடினால் பிறகு ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான் என்று டாக்டர் சொன்னபோது கிளெனும் பக்கத்தில் இருந்தான். “திங்கட்கிழமை கிளப்புக்குப் போய் விலகிடறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்” என்று தவாரெஸ் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாரும் கலையும்போது லைல் கிளெனின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனான். கிளென் காத்திருந்தது இதற்குத்தான்.

“கிழவனை எனக்குக் கொடு. பதிலுக்கு என்கிட்ட இருக்கிற கீகனை எடுத்துக்கோ.”

கீகன் இருபத்துமூன்று வயதுப் பையன். இந்த வருஷம் அத்தனை பேரும் கண்வைத்திருந்த ஆட்டக்காரன். கிளென் யோசிப்பதுபோல் கொஞ்சம் நடித்துவிட்டுக் கை கொடுத்தான்.

“இப்போதைக்கு நமக்குள்ள இருக்கட்டும்” என்றான் லைல். “டக்குக்குத் தெரிஞ்சா வயிறு எரிவான்.”

ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே வந்த சிநேகிதன். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கிளெனுக்குக் கூசியது. ஒரு நோயாளி நம்பிச் சொன்னதை வைத்துச் சிநேகிதனை ஏமாற்றியாகிவிட்டது. விளையாட்டுதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று வீடு வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான்.

திங்கட்கிழமை மத்தியானம் தவாரெஸ் கிளினிக்குக்கு வந்தான். வழக்கமாக முனகிக்கொண்டே கட்டிலில் ஏறுகிறவன் இன்றைக்குச் சீட்டியடித்தான்.

“கிளப்புக்குப் போயிட்டு வந்தீங்களா?” என்று கேட்டான் கிளென்.

“போயிட்டுத்தான் வர்றேன். கடைசியா போட்டோ எடுப்பாங்களே, லட்சணமா இருக்கட்டும்னு காலையில முதல்ல முடி வெட்டிக்கப் போனேன். அங்க டக் சொன்னான், நீ என்னை மூணாவது சுத்துலயே எடுத்தியாமே?”

கிளெனுக்குக் காது சுட்டது. “அது... சும்மா, விளையாட்டுக்கு...”

“மழுப்பாதே. ஊரே என்னைக் கிழவன்னு ஒதுக்கிடுச்சு. டாக்டர் பார்த்தது வெறும் ஸ்கேன் படத்தை. நாலு வருஷமா இந்த முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறவன் நீ.” தவாரெஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. “நீயே என்னை நம்புறப்போ எனக்கென்ன? விலகல, கிளென். இன்னும் ஒரு வருஷம் ஆடுறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்கதான் வர்றேன்.”