உள்ளறையில் அழுகை

மூன்று வயது மகள் தாழ்ப்பாளைத் திறக்கப் பழகிவிட்டதால், கணவன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். மதியம்வரை அழுது வீட்டை இரண்டாக்கிய கைக்குழந்தை, ஒருவழியாக அவள் மடியில் தூங்கியது. அசைந்தால் விழித்துவிடுமே என்று, கால் மரத்துப்போயும் அவள் எழவில்லை.

உள்ளறையில் விளையாடிக்கொண்டிருந்த மகள் கத்தினாள். “அம்மா, பாப்பா அழுவுது!”

“தம்பி இங்க தூங்குறான்டி. கத்தாத.”

அப்போது அவளுக்கும் கேட்டது. அதே குரல், அதே விக்கல். மடியிலிருந்தவன் அசையாமல் தூங்கினான். அவளுக்கோ பால் சுரந்து நைட்டி நனைந்தது.

“நீ எந்திரிக்காதம்மா, நானே தூக்கிட்டு வர்றேன்.”

பாரம் சுமக்கும் பிஞ்சுக் காலடிகள் மெல்ல நெருங்கின. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, தூங்குகிறவனைச் சற்றே நகர்த்தி மடியில் இடம் விட்டாள்.