ஏழாம் நம்பர் மிஷினின் கவர்

மேனேஜர் பொன்னுராஜ் அந்தப் படிவத்தை மூன்றாம் முறையாகப் படித்தார். மொத்தம் ஒரு பக்கம்தான்.

எதிரே விஜய்பாண்டி நின்றிருந்தான். பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். வருடத்தில் இரண்டே நாள் உள்தணிக்கையாளர்.

தேனிக்குப் பக்கத்தில் இருந்த அந்த நூற்பாலைக்கு ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ் இருந்தது. ஆலையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அதை வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். சான்றிதழ் நிலைக்க வேண்டுமானால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிரிவின் ஆள் இன்னொரு பிரிவுக்குப் போய்ச் சோதித்துக் குறை எழுத வேண்டும்.

குறை எழுதுவது எப்படி என்று மதுரையிலிருந்து ஒருவர் வந்து எட்டுப் பேருக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். மதியம் முட்டை பிரியாணி.

காதால் கேட்டதை எழுதாதே, கண்ணால் பார்த்ததை எழுது. சொந்தக்காரர் வேலை பார்க்கும் பிரிவுக்குப் போகாதே. எந்த இடத்திலும் பொய் எழுதாதே. வகுப்பின் சாரம் இவ்வளவுதான்.

விஜய்பாண்டி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினான். மீதி ஏழு பேரும் அவனைப் பார்த்து எழுதியதால் அவர்களும் தேறினார்கள்.

அது போன டிசம்பர்.

அவன் தங்கை மாரீஸ்வரி அதே ஆலையில் கார்டிங் பிரிவில், பஞ்சைச் சீவும் மிஷின்களில் வேலை பார்த்தாள். தேவாரத்திலிருந்து இருவரும் மில் வேனில்தான் வருவார்கள். தணிக்கைக்கு முந்தின வாரம் வேனில் அவள் சொன்னாள்:

"அண்ணே, பெரிய ஆபீசராயிட்டியாமே, அந்த ஏழாம் நம்பர் மிஷின் கவரை எழுதி விட்ருண்ணே. நேத்து துப்பட்டாவைப் பிடிச்சு இழுத்துருச்சு."

பல்சக்கரங்களை மூடும் இரும்புக் கவர் அது. பஞ்சு அடைக்கும்போதெல்லாம் நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் கால் மணி நேரம் போய்விடும். அதனால் கவரைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மாட்டுவார்கள். தணிக்கைக்கு மாட்டுவார்கள். மற்ற நாட்களில் அதன் மேல் சோற்று வாளி இருக்கும்.

விஜய்பாண்டி கார்டிங் பிரிவைக் கேட்டான்.

போகும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் பிரிவில் உங்கள் நெருங்கிய உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதியிருந்தால் யாரும் சரிபார்த்திருக்கப் போவதில்லை. பேனாவைக் கொஞ்ச நேரம் காற்றில் பிடித்திருந்தான். பிறகு எழுதினான்: ஆம், தங்கை.

"ரொம்ப நேர்மையான ஆளுய்யா நீ," என்றார் பொன்னுராஜ். மனதாரத்தான் சொன்னார். "கிளாஸ்ல சொன்னாகள்ல, சொந்தக்காரவுக இருக்குற எடத்துக்குப் போகப்படாதுன்னு. அங்கன வேற ஆளு போகட்டும். நீ கேண்டீனைப் பாரு."

கேண்டீனில் சாம்பார் வாளிக்கு மூடி இல்லை. விஜய்பாண்டி அதைப் பெருங்குறை என்று எழுதினான். மறுநாள் காலையிலேயே எவர்சில்வர் மூடி வந்தது. அறிவிப்புப் பலகையில் அவனைப் பாராட்டி நாலு வரி போட்டார்கள்.

கார்டிங்குக்கு, வகுப்பில் தேறிய இன்னொருவரான குடோன் பிரிவு நல்லகண்ணு போனார். அவர் வரும் நேரம் இரண்டு நாளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். ஏழாம் நம்பரில் கவர் நாலு போல்ட்டோடு உட்கார்ந்திருந்தது. கண்ணால் பார்த்ததை எழுதினார்: நன்று. அவர் கைகழுவிச் சாப்பிட உட்காருவதற்குள் கவர் சுவருக்கு வந்துவிட்டது.

இப்போது ஜூன். விஜய்பாண்டி மறுபடியும் கார்டிங்கைக் கேட்டிருந்தான். படிவத்தில் அதே கேள்வி.

இந்த முறை அவன் எழுதியிருந்தது: இல்லை.

பொன்னுராஜ் படிவத்தை மேசையில் வைத்தார். வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பிப்ரவரி மாதப் பக்கத்தில் மாரீஸ்வரி என்ற பெயருக்கு நேரே 'நின்றுவிட்டார்' என்று எழுதியிருந்தது. பொன்னுராஜின் கையெழுத்துதான். ஆக, படிவத்தில் பொய் இல்லை. மறுக்க வகுப்பில் வேறு விதி எதுவும் சொல்லித் தரவில்லை.

கையெழுத்துப் போட்டார்.

"பாத்துப் போப்பா," என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

விஜய்பாண்டி யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. கையெழுத்தின் மை காயும் முன் கார்டிங்கில் நின்றான்.

ஏழாம் நம்பரில் கவர் இருந்தது.

நாலு போல்ட் அல்ல, எட்டு. புதுப் பச்சைப் பெயிண்ட். மேலே ஒரு மண்டையோட்டுப் படம்கூட ஒட்டியிருந்தார்கள். அவன் முக்கால் மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தான். இரண்டு முறை பஞ்சு அடைத்தது. இரண்டு முறையும் மிஷினை நிறுத்தி, எட்டு போல்ட்டையும் கழற்றி, சுத்தம் செய்து, எட்டையும் மாட்டிய பிறகே ஓட்டினார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

"இப்பல்லாம் தொறந்து போட்டு யாரும் ஓட்டுறதில்லப்பா," என்றார் ஃபிட்டர் சுருளியாண்டி. மிஷின் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது.

குறை எழுத ஒன்றுமில்லை. கவர் இருக்கிறதா என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினான். அடுத்த கட்டம், எப்போது பொருத்தப்பட்டது.

சுருளியாண்டி பராமரிப்பு நோட்டை விரித்து நீட்டினார். 21.2.2008, காலை எட்டு மணி.

விஜய்பாண்டி அதைப் பார்த்து எழுதிக்கொண்டான்.

அன்று காலை எட்டு மணிக்கு அவன் தேவாரம் சுடுகாட்டில் மாரீஸ்வரிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தான்.