நாற்பது நாள் முகம்

புதிதாய்ப் பொருத்திய முகம், நாற்பது நாள் எதிரே அமரும் ஒருவரைப் பார்த்துத்தான் சிரிக்கக் கற்கும். கற்றபின் அது மாறாது. விபத்தில் முகமிழந்த பதினாறு வயது மகள் கயல்மொழிக்கு, வங்கி அதிகாரியான தன் தங்கையின் அளவான புன்னகையே அமையட்டும் என்று வளர்மதி மருத்துவமனைப் படிவத்தில் எழுதினாள். மகளோ, வார்டைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லக்கிளியைக் கைகாட்டினாள்.

"அவ சிரிப்பா? தெருக்கோடி வரைக்கும் கேக்கும்டீ! நம்ம சனம் என்ன பேசும்?"

"நான் வேணாம் பாப்பா," என்று செல்லக்கிளியும் விளக்குமாற்றோடு விலகினாள். "எனக்கு முன்பல்லு வேற இல்ல."

கயல்மொழி விடவில்லை. "கட்டுப் பிரிச்ச அன்னைக்குச் சித்தி சுவரப் பாத்தாங்க. நீயும் தலையக் குனிஞ்சுக்கிட்டம்மா. இவங்கதான் என் மூஞ்சிய நேராப் பாத்து, 'திருஷ்டிப் பூசணியாட்டம் வீங்கிக் கெடக்கியே தாயி'ன்னு சிரிச்சாங்க. உள்ளுக்குள்ள நானும் சிரிச்சேன்."

குலத்தையும் கௌரவத்தையும் கட்டிக் காத்த தாய்க்கு, அன்று குனிந்த தன் தலையே குற்றமாய்க் கனத்தது. வளர்மதி தங்கையின் பெயரை அடித்தாள். நாற்காலியை இழுத்து மகளுக்கு நேரெதிரே போட்டாள். இத்தனை நாள் 'ஏ, இந்தா' என்று தான் அழைத்துவந்த செல்லக்கிளியின் கையைப் பற்றினாள்.

"உக்காருங்கக்கா. நல்லா வாய்விட்டுச் சிரிங்க."