தண்ணீர் நிற்கக் கூடாது என்போர் குழு

"அந்த ரோஸ்கோவை நான் சும்மா விடப் போறதில்லை!"

தெருமுனைத் தட்டியின் முன்னால் நின்று ஹார்லன் டெக்கர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. மனைவி லோர்னா கார்க் கண்ணாடியை இறக்கி, தட்டியை நிதானமாக ஒரு முறை படித்தாள்.

'பதினோரு மாதமாகச் சொந்த வீட்டு சிங்க் அடைப்பையே எடுக்காத ஹார்லன் டெக்கரா நம் மாவட்டத்தின் வடிகால் ஆணையர்?'

அடியில், செலவு செய்தவர் யார் என்று சட்டப்படி போட்டே ஆக வேண்டிய பொடி எழுத்து: 'தண்ணீர் நிற்கக் கூடாது என்போர் குழு.'

"குழுவாம், குழு! எல்லாம் ரோஸ்கோ வேலை!"

மிச்சிகனில் வடிகால் ஆணையருக்கும் தேர்தல் உண்டு. ஆனால் அது வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் கிடக்கும். முன்பக்கத்தில் அதிபருக்குப் போட்டுவிட்டுக் களைத்துப்போகும் ஜனங்கள் பாதிப்பேர் தாளைத் திருப்புவதே இல்லை. திருப்புகிறவர்கள் கேள்விப்பட்ட பெயருக்குப் போடுவார்கள். அப்படித்தான் ரோஸ்கோ பதினாறு வருஷமாக ஆணையர். அப்படித்தான் ஹார்லன் இரண்டு முறை மண்ணைக் கவ்வினார்.

"இதுவும் போச்சுன்னா ஊர்ல தலைகாட்ட முடியாது லோர்னா. நம்ம சிங்க் விஷயம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஆங்! போன மாசம் அவன் பெண்டாட்டி பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாளே! சமையலறைக்குள்ள வந்தாளா இல்லையா?"

"வந்தா. காபி குடிச்சா. நான் தட்டெல்லாம் குளியல் தொட்டியில கழுவறதைப் பார்த்து உச்சுக் கொட்டினா."

"வேவு பார்க்க வந்திருக்கா, பாவி!"

ஹார்லன் நேரே மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண்மணி கையை விரித்துவிட்டார். "ஐந்நூறு டாலருக்குள்ள செலவுன்னா குழுவைப் பதிவு பண்ணவே வேண்டாங்க. அடியில பேர் போட்டிருக்கா? போட்டிருக்கு. அவ்வளவுதான் என்னால பார்க்க முடியும்."

அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது தட்டி முளைத்தது. 'நன்றியறிதல் விருந்தன்று வான்கோழிக் கொழுப்பை சிங்க்கில் கொட்டி அடைத்தவரும் அவரே!'

ஹார்லனின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "விருந்துக்கு வந்த பதினாலு பேர்கிட்டயும் குழாய் பழசுன்னுதானே சொன்னேன்!"

ஊர் சிரித்தது. காபிக் கடையில் பரிமாறும் பெண்கூட, "மிச்சக் காபியை எங்க ஊத்தட்டும் ஹார்லன், உங்க வீட்டு சிங்க்லயா?" என்று கேட்டாள். உள்ளூர் டிவிக்காரர்கள் தட்டியைப் படம் பிடித்து, மாலைச் செய்தியில் மூன்று தடவை காட்டினார்கள். பாவம், மனிதர் இரண்டு நாள் வாசலுக்கே வரவில்லை.

"நான் போட்டியிலேருந்து விலகிடறேன்," என்றார் மூன்றாம் நாள்.

"விலகினா பயந்துட்டான்னு பேசுவாங்க," என்றாள் லோர்னா. "அந்த டிவிக்காரங்களை வீட்டுக்கே கூப்பிடு. கேமரா முன்னாடி நீயே குழாயைக் கழட்டி அடைப்பை எடு."

"நானா? ஒரு பிளம்பரைக் கூப்பிட்டா ஆகாதா?"

"வடிகால் ஆணையர் ஆகப்போறவர் பிளம்பரைக் கூப்பிட்டா, அதுதான் மூணாவது தட்டி."

சனிக்கிழமை ஹார்லன் ஸ்பேனரோடு சிங்க்குக்கு அடியில் நுழைந்தார். இரண்டு மணி நேரம் முட்டி மோதி, மெழுகுவத்தி மாதிரி உறைந்த கொழுப்புக் கட்டியோடும் லோர்னாவின் காணாமல் போன ஸ்பூனோடும் வெளியே வந்தார். குழாயைத் திறந்ததும் தண்ணீர் குடுகுடுவென்று இறங்கியது. லோர்னா அழுதேவிட்டாள். கணவரின் வெற்றிக்காக ஏங்கும் மனைவி என்று டிவியில் உருகினார்கள்.

தேர்தலன்று ஜனங்கள் மறக்காமல் தாளைத் திருப்பினார்கள். இந்தத் தடவை பின்பக்கத்தில் அவர்கள் அதிகம் கேள்விப்பட்ட பெயர் ஹார்லன் டெக்கர்தான். முந்நூற்று நாற்பது வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்!

மறுநாள் காலை ரோஸ்கோவே ஃபோன் செய்தார். "வாழ்த்துகள்ப்பா. ஒண்ணு மட்டும் நிஜத்தைச் சொல்லு. உன் பேரைப் பரப்ப அந்தத் தட்டியை நீயே வெச்சுக்கிட்டதுதானே? எனக்கு ஏன் இந்த யோசனை வரலைன்னு என் பெண்டாட்டி திட்டறா."

"தோத்தவன் அப்படித்தான் பேசுவான்," என்று ஃபோனை வைத்துவிட்டு ஹார்லன் சோபாவில் காலை நீட்டினார். வெளியே மழை. கூடத்துக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக பக்கெட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏம்ப்பா, கூரை?" என்றாள் லோர்னா.

"பார்க்கலாம், பார்க்கலாம். அப்பாடா! இனி நாலு வருஷத்துக்கு ஒரு பய என்னைப் பத்தித் தட்டி வைக்க முடியாது."

"நாலு வருஷமா? அதுக்கு முன்னாடி தேர்தலே கிடையாதா?"

"மனு எழுதி, ஊர் ஊராக் கையெழுத்து வாங்கினா, என்னைப் பதவியிலேருந்து இறக்கறதுக்கு ஒரு தேர்தல் வைக்கலாம். சட்டத்துல இடமிருக்கு. எவன் மெனக்கெடுவான்?" என்றவர், அடுத்த நிமிஷம் குறட்டை விட்டார்.

லோர்னா சமையலறைக்குப் போனாள். பளபளத்த சிங்க்கில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள்.

"ஹலோ, அச்சகமா? லோர்னா பேசறேன். அதே தட்டி, அதே குழுப் பேர்தான். 'சிங்க்'கை எடுத்துட்டு 'கூரை'ன்னு போடுங்க."