மேல் வரிசை

"பாபு, ஆத்லா போதாது" என்றார் கூலிக்கு வந்த ஹாரு, கொல்லையில் தோண்டிய குழிக்குள் நின்றபடி, வங்காளத்தில்.

ஆத்லா என்றால் உடைந்த செங்கல். குழியை நிரப்ப அதுதான் வேண்டும்.

என் வீட்டுக்காரர் செங்கல் குவியல் இருந்த மூலையைப் பார்த்தார். பாதிக் குவியலைக் காணோம். பிறகு என்னைப் பார்த்தார்.

"எதிராத்து மாஷிமா படி ஒசத்தணும்னு கேட்டா. எடுத்துக்கோங்கோன்னுட்டேன்" என்றேன்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா காமு?"

இருக்கிறது. அதனால்தான் கொடுத்தேன்.

எண்பத்தெட்டில் பேஹாலாவில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தபோது கொல்லையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. எவ்வளவு மழை பெய்தாலும் தானாகவே சரிந்து பக்கத்து மித்ரா வீட்டுக் குளத்தில் போய் விழுந்துவிடும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலிதான் இருந்தது.

தொண்ணூற்றாறில் இவர் வேலியை வெட்டிவிட்டுச் சுவர் எழுப்பினார். தெருவில் மற்றவர்கள் வீட்டுச் சுவரெல்லாம் இடுப்பளவு. எங்களுடையது ஆறடி.

அந்த வருஷத்து மழையிலிருந்து கொல்லையில் முழங்கால் தண்ணீர். துளசி அழுகிப்போனது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் துணி துவைக்கிற கல்லுக்கே போகவேண்டும்.

சுவரின் அடியில் நாலு செங்கல்லைப் பெயர்த்துவிட்டால் போதும் என்று பால்காரர் முதற்கொண்டு சொல்லிப் பார்த்துவிட்டார்கள். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பால்காரர் சொல்லிக் கேட்பாரா? சோக் பிட் போடலாம் என்றார். ஆழமாகக் குழி தோண்டி, உடைசல் செங்கல்லைப் போட்டு மூடிவிட்டால் தண்ணீரை மண்ணே குடித்துவிடுமாம். மித்ரா வீட்டுத் தயவே வேண்டாமாம்.

எனக்கு வேண்டியதோ அந்தச் சுவரில் ஓர் ஓட்டை. கையளவு இருந்தாலும் போதும்.

மித்ரா வீட்டு அடுக்களை சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. தினமும் கடுகெண்ணெய் வாசனை வரும், மீன் வாசனை வரும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசனை வரும். அன்றைக்கு நான் கொல்லையை விட்டு நகரமாட்டேன். காய்ந்த துணியையே மறுபடி மறுபடி உதறிப் போட்டுக்கொண்டிருப்பேன். வாசனையால் வயிறு நிறையுமா? எனக்கு அன்று சாப்பாடே இறங்காது.

காளிகாட் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. செங்கல் வண்டி நாளைக்குத்தான் வரும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் குழியின் கரை சரிந்துவிடும் என்றார் ஹாரு. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

நான் பார்க்கவில்லை. பார்த்தால் இவருக்குப் புரிந்துவிடும்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேல் வரிசையை மட்டும் எடு, அதற்குக் கீழே கை வைக்காதே என்று ஹாருவிடம் வங்காளத்தில் சொன்னார்.

ஹாரு பெயர்த்துக் கொடுக்கக் கொடுக்க இவர் உடைத்துக் குழியில் போட்டார். ஒரு வரிசை போதவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொன்றுக்கும் தலையாட்டினார். நான் சுத்தியல் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வரிசை பாதி போயிருக்கும். இவர் கை நின்றுவிட்டது. நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றார்.

நான் குள்ளம். எனக்கு ஆகாயம்தான் தெரிந்தது. இவர் முகம் தெரிந்தது.

அந்தப் பக்கம் கொடியில் துணி எடுக்கிற வளையல் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

"மா, ஓட்டா கே?" யார் அது என்று ஒரு குழந்தை வங்காளத்தில் கேட்டது.



"தாத்தா" என்றது பாப்பாவின் குரல்.

எங்கள் பாப்பா. எங்கள் ஒரே பெண். அவள் மித்ரா வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு வேலியைத் தாண்டிப் போனாள்; அந்த வாரமே இவர் சுவர் எழுப்பக் கொத்தனாரைக் கூப்பிட்டார். அந்த வாசலை மிதிப்பதில்லை, அவளோடு பேசுவதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பேத்தியின் பெயர் ஜும்பா என்பதுகூட அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். பாப்பாவுக்கு இவர் உயரம். ஆறடிச் சுவர் வேண்டியிருந்தது அதற்காகத்தான்.

ஹாரு குழியை எட்டிப் பார்த்தார். விளிம்புவரை நிரம்பியிருந்தது. இனிமேல் செங்கல் வேண்டாம் பாபு என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டார்.

இவர் தொண்டையைச் செருமினார். கண் சுவரை விட்டு நகரவில்லை.

"இன்னும் ஒரு வரிசை எடுக்கணும்" என்றார், உரக்க.

ஹாரு விழித்தார். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது.