சுத்திப் போங்க, சார்

இதை எனக்குச் சொன்னவர் அந்த இளைஞனோடு ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவர். நான் நேரில் பார்க்கவில்லை. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அவனுக்குச் சுற்றுலாத் துறையில் வேலை கிடைத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஒரு சின்ன ஊரையும், அதை ஒட்டியிருக்கும் பழைய கோட்டையையும் பார்த்து மதிப்பெண் போட்டு வர அனுப்பியிருந்தார்கள். மதிப்பெண் தேறினால் ஊர் துறையின் கையேட்டில் ஏறும். இன்னும் இரண்டு பஸ் வரும். தேறாவிட்டால் இருக்கிற ஒரே பஸ்தான்.

அந்த ஒரே பஸ்ஸில் போய் இறங்கினான், நீல நிற ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு.

டீக்கடை அக்காவிடம் கோட்டைக்கு வழி கேட்டான்.

"இதோ, இந்தத் தெருவுலயே நேரா போனா அஞ்சே நிமி..."

அக்காவின் பார்வை ஃபைலில் விழுந்தது. நீட்டிய கை அப்படியே இடப்பக்கம் திரும்பியது.

"இல்ல சார், ஏரியைச் சுத்திப் போங்க. முக்கால் மணி நேரம்தான். காத்து நல்லா வரும்."

"நேரா போனா என்னங்க?"

"நேராவா? நாய் இருக்கு சார். கடிச்சு வெச்சிடும்."

பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டான். "அந்தத் தெருவுல நாய் அவ்வளவு மோசமா அண்ணே?"

"நாயா? இந்த ஊர்ல ஏது நாய்?" என்று நிமிர்ந்தவர், ஃபைலைப் பார்த்தார். "நாய் இல்ல சார், பாலம் இடிஞ்சிருக்கு. சுத்திப் போங்க."

அந்த நேரம் பார்த்து, இடிந்த பாலம் இருக்கிற அதே தெருவிலிருந்து ஒரு பால்காரர் பைக்கில் நிதானமாக வந்து சேர்ந்தார்.

"பாலம் இடிஞ்சிருக்காமே?"

"எந்தப் பாலம்?" அவர் கண்ணும் ஃபைலுக்குப் போனது. "ஓ, அந்தப் பாலமா! ஆமா சார், பாவம், இடிஞ்சு போச்சு."

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன். நம் முகத்தில் இளிச்சவாயன் என்று எழுதி ஒட்டியிருக்கிறதோ என்ற பயம் எப்போதும் உண்டு. எதிர்த்துக் கேட்கத் தைரியமில்லாமல் ஏரியைச் சுற்றி நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது.

கோட்டைச் சுவரில் ஏறிக் கீழே பார்த்தான். டீக்கடை பெஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. நடுவில் ஒரே நேர் தெரு. பாலமும் இல்லை, நாயும் இல்லை.

ஃபைலைத் திறந்தான். 'ஊர் மக்கள் உதவும் பண்பு' என்ற இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டான். பக்கத்தில், 'கூசாமல் பொய் சொல்கிறார்கள்' என்று எழுதினான்.

கோட்டைக் காவலாளி அருகில் வந்து நின்றார்.

"நான் நேர் வழியாத்தான் திரும்பப் போறேன். யார் தடுக்கறாங்கன்னு பார்க்கறேன்" என்றான்.

"தாராளமா போங்க தம்பி. அந்த ஃபைலை மட்டும் வெச்சிட்டுப் போங்க."

"ஃபைல் உங்களை என்னண்ணே பண்ணுச்சு?"

காவலாளி சுவரில் சாய்ந்துகொண்டார். "அந்தத் தெருவுல ஒரு தையல்காரர் இருக்கார். அவர் பொண்ணு வெளியூர் வேலைக்குன்னு பஸ் ஏறினா. போய்ச் சேரலை. ஒரு ஆபீசர் வந்து எல்லாத்தையும் ஃபைல்ல எழுதிக்கிட்டு, 'தகவல் கிடைச்சா நானே நேர்ல வந்து சொல்றேன்'னுட்டுப் போனார். ஒம்பது வருஷம் ஆச்சு."

அவன் ஃபைலை மூடினான்.

"யார் ஃபைலோட வந்தாலும் மிஷினை நிறுத்திட்டு, நல்ல சட்டையா மாத்திக்கிட்டு ஓடி வருவார். பொண்ணைப் பத்தின தகவல் இல்லைன்னு தெரிஞ்சா நாலு நாளைக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவன் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. அதுலேர்ந்துதான் இப்படி. யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணலை. அதான் ஆளுக்கு ஒண்ணு உளர்றாங்க."

திரும்பும்போது ஃபைல் ஒரு பழைய சாக்குக்குள் இருந்தது. காவலாளி கொடுத்த சாக்கு.

தையல் மிஷின் சத்தம் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தான்.

"கோட்டைக்கு வந்தீங்களா தம்பி?" வாசலிலிருந்து குரல். "போகும்போது இந்தப் பக்கம் பார்க்கலையே? ஏரியைச் சுத்தியா போனீங்க? அடப் பாவமே! யாரைக் கேட்டிருந்தாலும் இந்த வழியைச் சொல்லியிருப்பாங்களே. எங்க ஊர் ஜனம் அந்த விஷயத்துல தங்கம்."

"கேட்காம போயிட்டேன் ஐயா."

"சாக்குல என்ன?"

அவன் சாக்கை மறுபக்கம் மாற்றிக்கொண்டான். "மாட்டுத் தீவனம்."

"இத்தினியூண்டா?"

"கன்னுக்குட்டிக்குங்க."

தையல்காரர் சிரித்துவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார். மேலே பழைய பனியன்தான் போட்டிருந்தார்.

அந்தக் கையேட்டைப் பிறகு நான் வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த ஊர் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்குக் கீழேயும் 'கொண்டு வரக் கூடாதவை' என்று ஒரு வரி. எல்லா ஊருக்கும் பிளாஸ்டிக், ஒலிபெருக்கி என்று இரண்டுதான். அந்த ஊருக்கு மட்டும் மூன்று: பிளாஸ்டிக், ஒலிபெருக்கி, ஃபைல்.